ஒட்சிசனும் ஆக்சிஜனும்: புத்தளக் கரையில் இணையக் கல்வி என்னும் தொழில்

கல்விக்கான இணைய ஊடகத் திட்டமிடல் ஒரு கணக்குவேலை. ஒரு பாடம் எந்த மாணவரிடம், எந்தக் கருவியில், எந்த மொழியில், எந்த நேரத்தில், என்ன செலவில் போய்ச் சேர வேண்டும் என்று முதலில் கணக்கிட வேண்டும். அதற்கேற்ற வடிவில் பாடத்தைத் தயாரிக்க வேண்டும். அது சேர்ந்ததா, சேர்ந்தது புரிந்ததா என்று பின்னர் அளந்து பார்க்க வேண்டும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனிப் பதவியும் தனி அலுவலகமும் உண்டு. இலங்கையில் அது இன்னும் பெயர் பெறாத தொழில். ஆசிரியர், பத்திரிகை எழுத்தாளர், காணொளித் தொகுப்பாளர், மென்பொருள் அறிந்தவர் ஆகிய நால்வரின் கைவேலை அதில் கலந்து கிடக்கிறது. பெயர் வராவிட்டாலும் வேலை வந்துவிட்டது. அது எப்படிப்பட்ட வேலை, யாரால் செய்யப்பட வேண்டியது என்பதைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை வைத்துப் பார்த்தால் துலக்கமாகத் தெரியும்.

கரையும் மாணவரும்

தெற்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம் எனத் தொடங்கி, உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் நகருக்கும், அங்கிருந்து மேற்கே திரும்பிக் கற்பிட்டித் தீபகற்பத்தின் முனைக்கும் இந்தக் கரை நீள்கிறது. தீபகற்பத்துக்கு ஒருபக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் கடல். அதற்கப்பால் உச்சமுனை, பத்தலங்குண்டு முதலிய தீவுகள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7 இலட்சத்து 62 ஆயிரம். அதில் நாலில் மூன்று பங்களவு சிங்களவர். சோனகர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, தமிழர் நூற்றுக்கு 6 அளவு. பள்ளிகள் புத்தளம், சிலாபம் என்ற இரண்டு கல்வி வலயங்களுக்குள் வருகின்றன.

தமிழ்மொழிமூல மாணவர் என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் அவர்கள் ஒரே கூட்டத்தார் இல்லை. உடப்பில் கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளை, புத்தளம் நகரின் வியாபாரி வீட்டுப் பிள்ளை, கற்பிட்டித் தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடுபவரின் பிள்ளை என்று வாழ்க்கைகள் வேறு வேறு. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். முகாம்கள் குடியிருப்புகளாயின, ஏற்கெனவே இடம் போதாத பள்ளிகள் இன்னும் நெருக்கடிக்குள்ளாயின. அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று வகுப்பறையில் இருக்கிறது.

ஆண்டின் சுழற்சியும் ஒன்றுபோல் இராது. முஸ்லிம் பாடசாலைகள் ரமழானில் மூடப்படும், மற்றப் பாடசாலைகளின் தவணை வேறு. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதித் திருவிழாவும் தலவில அன்னம்மாள் பெருநாளும் ஊர்களையே இடம்பெயர்க்கும். மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் மாதங்கள் ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று எழும்பியதும் மீனவர் பலர் கிழக்குக் கரை வாடிகளுக்குப் போய்விடுவர். சில வேளை குடும்பமும் கூடவே போகும். மாணவர் எந்த மாதத்தில் எங்கிருப்பார் என்று அறியாமல் வகுக்கும் இணையவழிக் கால அட்டவணை இங்கே முதல் வாரத்திலேயே உடைந்துவிடும்.

பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும் ஒதுக்கப்படுகின்றன. எஞ்சிய 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குரியவை. புத்தளம் அந்தப் பதினாறில் ஒன்று. உயர்தரத்தில் தமிழ்மொழிமூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காமை இந்தக் கரையின் நெடுங்கால முறைப்பாடு. ஆசிரியர் இல்லாத பாடத்தை வேறொரு வழியில் வகுப்பறைக்குக் கொண்டுவரும் தேவை, இங்கே எந்த ஆடம்பரத்துக்காகவும் எழுந்ததில்லை.

வந்த வழி

அறிவைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, தொலைவிலிருப்போருக்கு எட்டும் வடிவில் தரும் வேலைக்கு இக்கரையில் மூத்தவர் ஒருவர் உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் வளங்களையும் அகரவரிசையில் விளக்கும் தகவல் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் 'தமிழ் புளூட்டாக்' 1859இல் வந்தது. ஊர் ஊராகத் தகவல் கேட்டு, சரிபார்த்து, தேடுபவர் கண்டுபிடிக்கத்தக்க வரிசையில் வைப்பதுதான் அவர் செய்தது. இணையத் தகவல் கட்டமைப்பு என்று இன்று அழைக்கப்படுவதன் அடிப்படையும் அதுவே.

மின்னணு ஊடகம் கல்விக்கு வந்தது வானொலி வழியாக. இணையத்தையும் வானொலியையும் இணைத்துப் பார்த்த முன்னோடி முயற்சி மலைநாட்டுக் கொத்மலையில் நடந்தது. 1998இல் யுனெஸ்கோவின் துணையோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில், சமூக வானொலிக்கு நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை மக்கள் பேசும் மொழியில் ஒலிபரப்பிலேயே விளக்குவார். இணைய இணைப்பு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் போதும், அதன் பயன் நூறு கிராமங்களுக்குப் போகலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய முயற்சி அது. இந்த எண்ணம் புத்தளக் கரைக்கு இன்றும் பொருந்துகிறது.

அடுத்து வந்தவை நெனசல நிலையங்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் 2005 முதல் கோயில், பள்ளிவாசல், நூலகம், சனசமூக நிலையம் என ஊரார் கூடும் இடங்களில் கணினி நிலையங்களை அமைத்தது. 2014இல் இத்திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் கற்றல் அணுக்க விருதும் 10 இலட்சம் டொலரும் கிடைத்தன. ஆனால் அதற்குள் திறன்பேசி வந்துவிட்டது. கணினியைத் தேடி நிலையத்துக்குப் போன பிள்ளை இப்போது வாப்பாவின் போனை எதிர்பார்த்து வீட்டில் இருந்தது.

குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கு இந்த மாற்றத்தை எண்ணில் சொல்கிறது. கணினியைத் தாமாக இயக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 34.3. கணினியோ திறன்பேசியோ ஏதேனும் ஒன்றைத் தாமாக இயக்கத் தெரிந்தவர்கள் 57.2. இடையிலுள்ள சுமார் 23 வீதத்தினருக்கு உள்ளங்கைத் திரையே முழு இணையமும். கல்வித் தளங்களை அகன்ற கணினித் திரையில் வடிவமைத்து, கணினியிலேயே சரிபார்த்து வெளியிடும் பழக்கம் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

2020 காட்டியது

2020 மார்ச் 13ஆந் திகதி முதல் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளம், ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் 'குருகெதர' நிகழ்ச்சி, அதன் தமிழ் வகுப்புகளை ஒளிபரப்பிய நேத்ரா அலைவரிசை, சூம் வகுப்புகள், வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கல்வியின் பாரத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. லேர்ன் ஆசியா ஆய்வு நிறுவனம் 2018இல் திரட்டிய தரவுகளின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் திறன்பேசியோ கணினியோ இருந்தவை நூற்றுக்கு 48. ஏதேனும் ஒரு வகை இணைய இணைப்பு இருந்தவை 34. பாதிப் பிள்ளைகளை வெளியே விட்டுத்தான் நேரலை வகுப்பு தொடங்கியது.

கற்பித்தவர்களை இந்த இடத்தில் மறக்கக்கூடாது. ஒலிவாங்கியும் வெளிச்சமும் இல்லாமல், சொந்த போனை அரிசிமா டப்பாவில் சாய்த்து வைத்து, சொந்த ரீலோட் பணத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் நாடெங்கும் இருந்தார்கள். 2021 ஜூலை 12 முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. இணையக் கல்வி முழுவதும் ஆசிரியரின் தனிப்பட்ட நேரத்தையும் தனிப்பட்ட கருவியையும் நம்பி நின்றது என்பதை அந்த மூன்று மாத மௌனம் எல்லோருக்கும் உணர்த்தியது.

2022இன் பொருளாதார நெருக்கடி அடுத்த சோதனை. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. நாட்டின் மிகப்பெரிய அனல் மின்நிலையமான 900 மெகாவாட் லக்விஜய இதே தீபகற்பத்தின் நுரைச்சோலையில் இருக்கிறது. அதன் உயர்ந்த புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே அக்கம்பக்கத்து ஊர்கள் இருளில் இருந்தன. எரிபொருள் தட்டுப்பாட்டால் ஜூன், ஜூலையில் வகுப்புகள் மறுபடியும் இணையத்துக்குப் போயின. செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன.

இந்த மூன்று ஆண்டுகளிலும் குறைவாக இருந்தது தொழினுட்பம் என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. சூம் இருந்தது, யூடியூப் இருந்தது, தளமும் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு எது எட்டும் என்று உட்கார்ந்து கணக்கிட ஓர் ஆள் இருக்கவில்லை.

உப்பளத்திலிருந்து ஒரு பாடம்

வேலை எப்படி நடக்கும் என்பதை ஒரு பாடத்தின் வழியாகப் பின்தொடர்வது எளிது. சாதாரண தர விஞ்ஞானத்தில் கலவைகளைப் பிரித்தெடுக்கும் முறைகளின் கீழ் கடல்நீரிலிருந்து உப்பெடுத்தல் வருகிறது. கடல்நீரை ஆழமற்ற அகன்ற பாத்திகளில் தேக்கி வெயிலில் ஆவியாக விடுவர். செறிவு ஏறத்தாழ இருமடங்கானதும் கல்சியம் காபனேற்று படியும். அடுத்த பாத்திக்கு மாற்றி நான்கு மடங்களவு செறிந்ததும் கல்சியம் சல்பேற்று படியும். கடைசிப் பாத்தியில் பத்து மடங்கை எட்டும்போது சோடியம் குளோரைட்டு பளிங்காகும். எஞ்சும் கசப்பு நீரில் மகனீசிய உப்புகள் தங்கிவிடும். வாரிக் குவித்த உப்பை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் மகனீசியத்தைப் போக்கத்தான். அவ்வுப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாமே கரைந்து வடிந்துபோகும்.

நாடு முழுவதும் பிள்ளைகள் இதைப் படத்தில் பார்த்துப் படிக்கிறார்கள். புத்தளத்துப் பிள்ளை பாலாவிப் பக்கம் போகும் பஸ்ஸின் யன்னலில் அதை நேரில் பார்க்கிறது. உப்புத் தொழிலாளியின் பிள்ளைக்கோ பாத்தி, வாய்க்கால், குவியல் எல்லாம் வீட்டுப் பேச்சு. ஆனால் யூடியூபில் தேடினால் முதலில் வருவன தமிழ்நாட்டுக் காணொளிகள். அங்கே 2019 ஓகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது, தனியார் வகுப்புகளின் காணொளிகளும் ஏராளம். பலவும் நன்றாகச் செய்யப்பட்டவை. சிக்கல் சொல்லில் இருக்கிறது.

இலங்கைப் பாடநூலில் ஒட்சிசன், தமிழ்நாட்டில் ஆக்சிஜன். இங்கே இரசாயனவியல், பௌதிகவியல், அங்கே வேதியியல், இயற்பியல். இங்கே கலம், அங்கே செல். இங்கே ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. உப்புப் பாடத்தில் மட்டும் பளிங்காக்கல் அங்கே படிகமாக்கலாகிறது, கல்சியம் காபனேற்று கால்சியம் கார்பனேட் ஆகிறது, மகனீசியம் மெக்னீசியம் ஆகிறது. 1950கள் தொட்டு அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற் குழுக்கள் இலங்கைக்கெனச் சொற்களை வகுத்துவந்தன. பாடநூலும் வினாத்தாளும் அந்த வழியிலேயே நிற்கின்றன. பாடத்தைக் கேட்டு நன்றாக விளங்கிக்கொண்ட பிள்ளை வினாத்தாளில் 'பளிங்காக்கல்' என்ற சொல்லைக் கண்டு திகைத்தால், தவறு பிள்ளையுடையதாகாது. ஒரே மொழிக்குள் இருக்கும் இந்த இடைவெளியை இயந்திர மொழிபெயர்ப்பும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இணையத்தில் எந்த வழக்கு அதிகமோ அதையே அவை திருப்பித் தருகின்றன. ஆகவே உள்ளூரில் பாடம் தயாரிப்பவரின் முதல் வேலை சொல் அட்டவணை. பாடநூற் சொல்லே பாடத்தில் ஒலிக்க வேண்டும். மற்ற வழக்கைத் தேடுசொற்களில் சேர்த்துக்கொண்டால் படிகமாக்கல் என்று தேடி வருபவரும் இங்கே வந்து சேர்வார்.

இன்னொரு தடை எழுத்துருவில் இருக்கிறது. இலங்கையில் நெடுங்காலமாகத் தமிழ் வினாத்தாளும் டியூட்டும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகிவந்தன. அச்சிட்ட தாளில் அது அழகாகத் தெரியும். இணையத்திலோ கணினிக்கு அது பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவை. கூகுள் அதைத் தேடிக் கண்டுபிடிக்காது, பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதைப் படிக்காது. படமாக வருடி வட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்புகளின் கதியும் அதுவே. பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்ப்பது பகட்டில்லாத வேலை. ஆயினும் ஒரு வலயத்தின் ஆசிரியர்கள் இருபது ஆண்டாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் தேடக்கூடிய களஞ்சியமாவதற்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

மூன்றாவது கணக்கு எடை. நொடிக்கு ஒரு மெகாபிற்று வீதத்தில் பத்து நிமிடக் காணொளி சுமார் 75 மெகாபைட்டு. நாற்பது நிமிட வகுப்பைப் பதிந்து அப்படியே போட்டால் 300. அதே பத்து நிமிட விளக்கத்தை நொடிக்கு 32 கிலோபிற்று ஒலியாக மாற்றினால் 2.4 மெகாபைட்டு. நூறு கிலோபைட்டு அளவிலான ஆறு படங்களைச் சேர்த்தாலும் மூன்றைத் தாண்டாது. இருபத்தைந்தில் ஒரு பங்குச் செலவில் பாடம் போய்ச் சேரும். கவரேஜ் ஒரு கோடு மட்டும் விழும் இடத்திலும் அது இறங்கும். உப்புப் பாடத்துக்கு அசையும் படம் தேவையான இடம் ஒன்றுதான், பளிங்கு உருவாகும் காட்சி. அதை முப்பது நொடியில் காட்டலாம். மற்றவை நிழற்படமும் குரலுமாக இருந்தால் போதும்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. பிலிப் குவோவும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடநெறிகளில் 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை அலசியது. காணொளி எவ்வளவு நீண்டாலும் மாணவர் பார்க்கும் நேரத்தின் இடையம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆறு நிமிடத்துக்குள் ஒரு கருத்து, அதன்பின் ஒரு வினா, பிறகு அடுத்த துண்டு என்ற அமைப்பு அங்கிருந்து வந்தது. ரிச்சட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்கின்றன. பின்னணி இசை, அலங்காரப் படங்கள், பாடத்தோடு ஒட்டாத வேடிக்கைக் கதைகள் எல்லாம் கற்றலைக் குறைக்கும். பிரபல டியூசன் ஆசிரியர்களின் மேடைப்பாணியைப் பார்த்து வளர்ந்த இளம் தொகுப்பாளர்களுக்கு இதை ஏற்பது கடினமாக இருக்கலாம்.

நேரம் கடைசிக் கணக்கு. வீட்டில் ஒரே போன். அது கடலுக்கோ கடைக்கோ தகப்பனோடு போய்விடும். நேரலை வகுப்பு பகல் பத்து மணிக்கென்றால் போன் வீட்டில் இராது. இரவில் இறக்கி வைத்து விடியற்காலையில் கேட்கத்தக்க பதிவே இங்கு அடிப்படை வடிவம். நேரலை என்பது வாரம் ஒருமுறை ஐயம் தீர்க்கும் சந்திப்புக்கு. பத்தலங்குண்டு போன்ற தீவுக்கும் கடற்கரை வாடிக்கும் இன்னும் எளிய வழி உண்டு. ஒரு தவணைக்குரிய பாடங்கள் எல்லாம் ஒரு மெமரி கார்ட்டில் அடங்கும். இணையமே இல்லாமல் ஒரு சிறு கணினியிலிருந்து சுற்றியுள்ள போன்களுக்குப் பாடம் பகிரும் கொலிப்ரி போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. படகில் மீன் வரும் வழியில் பாடம் போகும்.

அளத்தலும் காத்தலும்

பாடம் வெளியானபின் பார்வை எண்ணிக்கையை மட்டும் எண்ணுவது போதாது. பத்தாயிரம் பார்வைகளில் ஒன்பதாயிரம் தமிழ்நாட்டிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ வந்திருக்கலாம். இலக்கு உடப்பு, முந்தல், கற்பிட்டிப் பிள்ளைகள் என்றால் அளவுகோலும் அங்கே இருக்க வேண்டும். எந்த நிமிடத்தில் விலகினார்கள், ஐந்து வினாக்களில் எதில் தவறினார்கள், மறுபடி எந்த இடத்தைக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். கல்சியம் சல்பேற்று வினாவில் பாதிப் பேர் தவறினால் திருத்த வேண்டியது அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான். வகுப்பாசிரியரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு சில வேளை எல்லாப் புள்ளிவிபரத்தையும் விடக் கூடுதலாகச் சொல்லும்.

பிள்ளைகளின் தரவு பொறுப்பான பொருள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இணைய வெளியீட்டாளரைத் தொடும். சட்டம் கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. மாணவியின் தொலைபேசி இலக்கம் முந்நூறு பேர் கொண்ட வட்ஸ்அப் குழுவில் எல்லோர் கண்ணிலும் படக்கூடாது. பிள்ளையின் முகமும் புள்ளியும் விளம்பரத்துக்குப் போகக்கூடாது. சீருடைப் படத்தைப் போட்டு விடுதி, ஊர், நேரம் எல்லாம் தெரியும்படி செய்தி எழுதுவது ஆபத்து. பிள்ளைகளைப் போனில் படிக்க விடத் தயங்கும் வீடுகளை வெல்லும் வழி இந்த நம்பிக்கை ஒன்றே.

பதிப்புரிமையும் கவனிக்க வேண்டியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் டியூட்டுக்கும் காணொளிக்கும் பொருந்தும். ஒருவர் உழைத்துத் தயாரித்த குறிப்பைப் பெயர் நீக்கிப் பகிர்வது வழமையாகிவிட்டபடியால் நல்ல ஆசிரியர் பலர் பொதுவெளிக்கு வரத் தயங்குகிறார்கள். 2002இல் தொடங்கிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இதற்கொரு தீர்வு. எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், விற்கக்கூடாது என்று எழுதியவரே விதிக்க முடியும். அதே 2002இல் யுனெஸ்கோ கூட்டமொன்றில் பெயர் பெற்ற திறந்த கல்வி வளம் என்ற கருத்து, 2019இல் அந்த அமைப்பின் பரிந்துரையாகவே ஏற்கப்பட்டது. 1980 முதல் பாடநூலை இலவசமாகக் கொடுத்துவரும் நாட்டுக்கு இது புதிய எண்ணம் ஆகாது.

தொழிலுக்கு வரும் வழி

இதற்கென்று ஒரே பட்டப்படிப்பு இலங்கையில் கிடையாது, பல வாசல்கள் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் தகவல் தொழினுட்பப் பட்டத்தை வெளிவாரியாக நடத்துகிறது. ஊரை விட்டுப் போகாமல் படிக்கலாம், பரீட்சை மட்டும் ஆங்கிலத்தில். 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வியையே தன் முறையாகக் கொண்டது. அங்கே படிப்பவர் பாடத்தோடு, பாடம் தொலைவுக்குப் போகும் விதத்தையும் மாணவராக அனுபவித்து அறிகிறார். மாகாணத்திலேயே வயம்ப பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்மொழிச் சூழலில் படிக்க விரும்புவோர் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறார்கள். உயர்தரம் தாண்டாதவருக்குத் தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களில் படியமைத்துத் தருகிறது.

கணினி படித்தவரைவிட ஆசிரியராக இருந்தவர் இத்தொழிலில் விரைவாக முன்னேறுகிறார். மென்பொருளை மூன்று மாதத்தில் கற்கலாம். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பதை வகுப்பறையில் பல ஆண்டு நின்றுதான் அறிய முடியும். சிறந்த அமைப்பு, ஓர் அனுபவ ஆசிரியரும் ஓர் இளம் தொகுப்பாளரும் சேர்ந்த இருவர் அணி. மும்மொழி தெரிந்தவருக்கு இம்மாவட்டத்தில் தனி வாய்ப்பு. ஒரே உப்பளக் காட்சிக்குச் சிங்களக் குரலும் தமிழ்க் குரலும் சேர்த்தால், ஒருமுறை செய்த செலவில் இரண்டு மொழிமூலத்தாரும் பயன்பெறுவர். சிலாபத்துக்குத் தெற்கே வீட்டில் தமிழ்ச்சாயல் பேசிப் பள்ளியில் சிங்களம் படிக்கும் மீனவக் குடும்பங்களும் உண்டு. இருமொழி வெளியீடு அவர்களுக்கும் உதவும்.

சம்பளம் தரும் இடங்கள் பல்கலைக்கழகங்களின் தொலைக்கல்விப் பிரிவுகள், தனியார் கல்வி நிறுவனங்கள், பாடநூல் வெளியீட்டாளர், அரச சார்பற்ற அமைப்புகள், வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு ஊரிலிருந்தே செய்யும் ஒப்பந்த வேலை. முதலில் கேட்கப்படுவது சான்றிதழைவிடச் செய்துகாட்டிய வேலை. ஆறு நிமிடப் பாடம் மூன்று, அவற்றுக்கான சொல் அட்டவணை, எத்தனை பேர் கற்றார்கள் என்ற அளவுக் குறிப்பு, பின்னர் என்ன திருத்தப்பட்டது என்ற பதிவு இருந்தால் நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு வேறொன்றும் தேவையில்லை. வலயக் கல்வி அலுவலகங்களில் இதற்கொரு நிலையான பதவி உருவாக வேண்டியது அவசியம். ஆசிரிய ஆலோசகர் பள்ளி பள்ளியாகப் போவதைப்போல, இணையப் பாடங்களைத் தயாரித்தும் திருத்தியும் நிற்க ஒருவர் வலயத்துக்கு வேண்டும். தொண்டர்களின் ஓய்வுநேரத்தில் மட்டும் இது நெடுநாள் நிலைக்காது.

செய்ததைக் காப்பதும் வேலையின் பகுதி. தளத்துக்குக் கட்டணம் கட்டாமல் மறைந்துபோன பாடங்கள், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் வெளிநாடு போனதும் பூட்டுண்ட யூடியூப் பக்கங்கள் எங்கும் உண்டு. கோப்புப் பெயரில் தரம், பாடம், அலகு, ஆண்டு இருக்க வேண்டும். மூலப்பிரதி இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும், கடவுச்சொல் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பள்ளி மலர்களுமாக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் சேர்ந்திருப்பது இத்தகைய ஒழுங்கினால்தான். ஊர்ப் பாடசாலையின் ஆண்டு மலரையும் அங்கே சேர்க்கலாம்.

பாடத்திட்டம் சீர்திருத்தப்படும்போது பாடநூலின் அலகு எண்ணும் சில சொற்களும் மாறும். அப்போது பாடம் முழுவதையும் புதிதாக எடுக்கத் தேவையில்லை. குரலும் படமும் தனித்தனிக் கோப்பாக இருந்தால் மாறிய வாக்கியத்தை மட்டும் மறுபடி பதியலாம். படப்பிடிப்புக்குத்தான் பருவம் பார்க்க வேண்டும். மழை விழுந்துவிட்டால் பாலாவிப் பாத்திகளில் நீர் ஏறிவிடும், பளிங்கு தெரியாது. வெயில் மாதங்களில், காலை எட்டு மணிக்கு முன், உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கமராவின் கண்ணைக் கூசச் செய்வதற்குள் எடுத்து முடித்துவிட வேண்டும்.